தோல்விக்குக் குற்றவாளி யார்?

2019-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் தேதி இரவு, ஹைதராபாத்தில் நடந்த ஐ.பி.எல். கிரிக்கெட் இறுதிப் பந்தயத்தில், சென்னை சூப்பர் கிங்ஸ் கோஷ்டியார் தம் நெடுநாட் போட்டியாளராகிய மும்பை இந்தியன்ஸ் கோஷ்டியாரிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்றனர். ஆண்டுகள் பல கழிந்தும் நமது ஆத்தூரில் அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளரும், கோர்ட்டு குமாஸ்தாக்களும், கல்லூரி மாணவரும் தேநீர்க் கடையில் கூடினால் பழைய கட்டு மறுபடி அவிழ்க்கப்படுகிறது. சாட்சிகள் மீண்டும் விசாரிக்கப்படுகின்றனர். நாளுக்கொரு குற்றவாளி தண்டிக்கப்படுகின்றான். தலையங்கப் பக்கத்தில் பந்து விளையாட்டுக்கு என்ன வேலை என்று நேயர்களிற் சிலர் கேட்கக்கூடும். தோல்வி நேர்ந்தவுடன் ஒரு தலையைத் தேடும் வழக்கம் நம்மவரை எங்கே கொண்டுபோய் விடுகின்றது என்பதே நமது கவலை. அதன் பொருட்டே இவ்விஷயத்தை எடுத்துக் கொண்டோம்.

முதலில் வழக்கின் விவரம். மும்பையார் 8 விக்கெட்டுகளை இழந்து 149 ரன் எடுத்தனர். சென்னையார் 7 விக்கெட்டுகளை இழந்து 148-இல் நின்றுவிட்டனர். கடைசி ஓவரில் 9 ரன் தேவையாயிருந்தது. அதற்கு முன் 3 ஓவர்களில் 42 ரன் கொடுத்துப் புடைபட்டிருந்த மலிங்காவிடமே மும்பைத் தலைவர் ரோஹித் சர்மா பந்தைக் கொடுத்தார். கடைசிப் பந்தில் 2 ரன் வேண்டியிருக்க, அப்பந்து சார்துல் தாக்கூரின் காலிற் பட்டது. மத்தியஸ்தர் விரலை உயர்த்தினார். அவ்வளவே.

இனிக் குற்றவாளிக் கூண்டைப் பார்ப்போம். அதில் முதலில் ஏற்றப்பட்டவர் தாக்கூர். அவர் சந்தித்த பந்துகள் இரண்டு. முதற்பந்தில் 2 ரன் எடுத்தார். அடுத்தபடி, தோனி ரன் அவுட் ஆனார் என்று தீர்ப்பளித்த மூன்றாம் மத்தியஸ்தர். அந்தப் படத்தை எத்தனை கோணங்களில் பார்த்தாலும் ஐயம் முற்றிலும் நீங்குவதில்லை என்பதை நாமும் ஒப்புக் கொள்கிறோம். ஆயினும் தோனி அதுவரை 8 பந்துகளில் 2 ரன்னே எடுத்திருந்தார் என்பதை எவரும் பேசக் காணோம். சிலர், பந்தயம் சேப்பாக்கத்தில் நடந்திருந்தால் வெற்றி நமதே என்பர். மைதானத்தில் பூட்டிக் கிடந்த மூன்று பார்வையாளர் பகுதிகளைத் திறக்க அனுமதி கிட்டாமையால் இறுதிப் பந்தயம் சென்னையினின்றும் ஹைதராபாத்திற்குப் போயிற்று என்பது மெய்தான். ஆனால் அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்னர், மே 7-ஆம் தேதி, அதே சேப்பாக்கத்தில் அதே மும்பையாரிடம் சென்னையார் தோற்றதை இவ்வாதிகள் சௌகரியமாக மறந்து விடுகின்றனர்.

வாட்சன் சங்கதியே நம்மை வருத்துவது. 59 பந்துகளில் 80 ரன் எடுத்து, கோஷ்டியைத் தனியொருவராய்க் கடைசி ஓவர் வரை சுமந்து வந்தவர் அவர். இரண்டாவது ரன்னுக்கு ஓடி ஆட்டமிழந்த அக்கணமே, இன்னும் வேகமாய் ஓடியிருக்கலாகாதா என்று ஏசினவர் பலர். மறுநாள், ஹர்பஜன் சிங் ஒரு செய்தி வெளியிட்டார்: பாய்ந்து விழுந்ததில் முழங்கால் கிழிந்து, இரத்தம் கால்சட்டையை நனைக்க, ஒருவரிடமும் சொல்லாமல் வாட்சன் ஆடினார், ஆட்டம் முடிந்தபின் ஆறு தையல் போட நேர்ந்தது. முந்தின இரவு ஏசியவர்களே அன்று கண்ணீர் உகுத்தனர். குற்றம் சாட்டுவோனே அதனை நிரூபிக்கக் கடமைப்பட்டவன் என்பது நியாய ஸ்தலங்களின் பால பாடம். தேநீர்க் கடை நியாய ஸ்தலத்திலோ முதலில் தண்டனை, பிறகு விசாரணை.

உண்மையில் அத்தோல்விக்குக் காரணம் யாது? மும்பையின் பும்ராவும் ராகுல் சாஹரும் ஆளுக்கு 4 ஓவர் வீசி, ஆளுக்கு 14 ரன்னே கொடுத்தனர். ஆக, 48 பந்துகளில் 28 ரன். அங்கேதான் பந்தயம் கைமாறிற்று. எதிரி நன்றாக ஆடினான் என்று சொல்ல நமது நா ஏனோ எழுவதில்லை! மும்பையார் மட்டும் பிழை செய்யவில்லையா? வாட்சன் தந்த பந்துகளைக் கையிலிருந்து நழுவ விட்டனர். 19-ஆவது ஓவரின் கடைசிப் பந்தை விக்கெட் காப்பாளர் டி காக் தவறவிட, 4 ரன் சும்மா கிடைத்தது. ஒரு ரன் மாறியிருந்தால் மும்பை வீதிகளில் அவர் பெயர் நாறியிருக்கும்.

நிற்க. அன்று சென்னையின் பேரால் ஆடிய பதினொருவரில் தமிழர் ஒருவரேனும் இல்லை. சேலம் சேகோசர்வில் ஜவ்வரிசி மூட்டைகள் விலைபோவது போல வீரர்கள் ஏலத்தில் விலைபோகும் வியாபாரம் இது. இதில் நமக்கு அபிமானம் அதிகமில்லை. என்றாலும் இதில் ஓர் அழகைக் கண்டோம். அப்பதினொருவரில் ஒருவர் இம்ரான் தாஹிர். லாகூரிற் பிறந்தவர், முஸ்லிம், தென்னாப்பிரிக்காவுக்கு ஆடியவர். அவ்வாண்டுப் பந்தயங்களில் 26 விக்கெட்டுகள் வீழ்த்தி முதலிடம் பெற்ற அவருக்குத் தமிழ் ரசிகர்கள் வழங்கிய பெயர் 'பராசக்தி எக்ஸ்பிரஸ்'! இறுதிப் பந்தயம் தோற்றபோதும் அவருடைய ஊரையோ மதத்தையோ ஆத்தூரில் எவரும் கேட்டதாக நமக்குத் தெரியவில்லை.

இரண்டாண்டு சென்றது. 2021 அக்டோபர் 24-ஆம் தேதி துபாயில், உலகக் கோப்பைப் பந்தயமொன்றில், இந்தியா பாகிஸ்தானிடம் 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. உலகக் கோப்பை வரலாற்றில் நமது ஆடவர் கோஷ்டி பாகிஸ்தானிடம் தோற்றது அதுவே முதல் தடவை. அன்று நமக்காகப் பந்து வீசியவர் ஐவர். ஒருவர் நம் தமிழ்நாட்டு வருண் சக்கரவர்த்தி. ஐவரில் ஒருவரும் ஒரு விக்கெட்டும் எடுக்கவில்லை. மட்டை பிடித்தவர்களில் ரோஹித் சர்மா முதற்பந்திலேயே வெளியேறினார். இவர்களில் எவருடைய தேசபக்தியும் சந்தேகிக்கப்படவில்லை. முகம்மது ஷமி ஒருவரை மட்டுமே துரோகி என்றும், பாகிஸ்தானுக்குப் போ என்றும் கைப்பேசி வழியே ஆயிரக்கணக்கானோர் தூற்றினர். அவர் 3.5 ஓவர்களில் 43 ரன் கொடுத்தாராம்! லாகூரிற் பிறந்தவருக்குப் பராசக்தியின் பெயரைச் சூட்டிய தேசத்தில், உத்தரப் பிரதேசத்திற் பிறந்தவர் அந்நியரானார். தலைவர் விராட் கோலி சில நாட்களில் வெளிப்படையாக இதைக் கண்டித்தார். அது அவருக்கும் நாட்டுக்கும் பெருமை.

மதத்தோடு நின்றதா? அதே ஆண்டு ஆகஸ்டில், டோக்கியோ ஒலிம்பிக் ஹாக்கி அரையிறுதியில் நமது பெண்கள் அர்ஜென்டினாவிடம் 1-2 என்ற கணக்கில் தோற்றனர். ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் இந்தியப் பெண் வந்தனா கட்டாரியா. ஹரித்வாரை அடுத்த அவருடைய வீட்டின் முன் சிலர் பட்டாசு வெடித்து, சாதி சொல்லி ஏசினர். சேலம் ஜில்லாவில் சாதி என்னும் நெருப்பு எங்கெங்கே நீறுபூத்துக் கிடக்கிறதென்பதை அறிந்த நாம் இதனை வடதேசத்துச் செய்தியென்று ஒதுக்கிவிடல் ஆகாது.

சேப்பாக்கம் 1999 ஜனவரி 31-ஆம் தேதி கண்டதை முதியோர் பலர் நினைவு கூர்வர். பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் வெற்றிக்கு 271 ரன் தேவை. முதுகுவலியுடன் டெண்டுல்கர் 136 எடுத்து, 254-இல் ஆட்டமிழந்தார். மிச்சமிருந்த விக்கெட்டுகள் 4 ரன்னுக்குள் சரிந்தன. 12 ரன்னில் தோல்வி. சிறிது நேரம் மைதானம் ஊமையாய் இருந்தது. பின்பு ஜனங்கள் எழுந்து நின்று கைகொட்டினர். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அம்மரியாதையை ஏற்றுக் கொண்டனர். மூன்று வாரத்திற்குள் கல்கத்தாவில், கலகத்தின் காரணமாக ஜனங்களை வெளியேற்றிவிட்டுக் காலி மைதானத்தில் ஆட்டத்தை முடிக்க நேர்ந்தது. சேப்பாக்கத்தில் அன்று எழுந்து நின்றவர்கள் படித்த பிரபுக்கள் மட்டுமல்லர். வெயிலில் வரிசை நின்று சீட்டு வாங்கிய சாமானியரும் ஆவர்.

தாக்கூரின் கதையில் ஒரு மிச்சமுண்டு. 2021 ஜனவரியில், 1988 முதல் ஆஸ்திரேலியா டெஸ்டில் தோற்றிராத பிரிஸ்பேன் மைதானத்தில், இந்தியா 6 விக்கெட்டுக்கு 186 என்று தத்தளித்தபோது அவரும் நம் வாஷிங்டன் சுந்தரும் சேர்ந்து 123 ரன் குவித்தனர். அப்பந்தயத்தில் தாக்கூர் 7 விக்கெட்டுகளும் எடுத்தார், இந்தியா வென்றது. நமது ஜில்லா சின்னப்பம்பட்டி நடராஜன் முதன்முதலாக டெஸ்ட் ஆடி 3 விக்கெட்டுகள் வீழ்த்தியதும் அங்கேதான். ஹைதராபாத்தின் கடைசிப் பந்தைக் கொண்டு தாக்கூருக்குத் தண்டனை விதித்த ஆத்தூர்த் தேநீர்க் கடை நீதிபதிகள் அத்தீர்ப்பை இன்றளவும் ரத்துச் செய்யவில்லை.