ஒரே பெயர் இரண்டு ஆளாவது எப்படி? பெயர்ப் பட்டியல்களும் சில வரி நிரல்களும்

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் ஒரே விபரத்தை எத்தனை இடங்களில் எழுதிக் கொடுத்திருக்கின்றன? 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வந்தது. 2013இல் பரணகம ஆணைக்குழு வந்தது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காணாமல்போனோர் அலுவலகம் வந்தது. இவற்றுக்கு அப்பால் பொலிஸ், மனித உரிமைகள் ஆணைக்குழு, செஞ்சிலுவைச் சங்கம், பிரதேச செயலகம் என்று அலைந்தவர்கள் பலர். ஒவ்வோர் இடத்திலும் அந்தப் பெயரை வேறொருவர் கேட்டு, வேறு விதமாக எழுதியிருப்பார்.

இப்போது பல ஊர்களில் உறவினர் சங்கங்களும் இளைஞர்களும் தங்களிடமுள்ள பட்டியல்களைக் கணினியில் ஏற்றி ஒன்றுசேர்க்க முயல்கிறார்கள். அப்போது இரண்டு ஆபத்துகள் வருகின்றன. ஒரே ஆள் இரண்டு தடவை எண்ணப்பட்டால், முழுப் பட்டியலையும் பொய் என்று தள்ளிவிடக் காத்திருப்பவர்களுக்கு அது வாய்ப்பாகிவிடும். இரண்டு பேரை ஒருவராக எண்ணி நீக்கிவிட்டால், ஒருவர் பட்டியலிலிருந்தும் காணாமல் போவார். இவற்றைக் குறைக்க நிரலாக்கத்தின் ஆரம்பப் பாடங்களே போதும். இலவசமாகக் கிடைக்கும் பைதன் மொழியை வைத்து இதை விளக்கலாம். அதன் கட்டளைகளை ஆங்கிலத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்; இங்கே அவற்றை ஒலிப்படி தருகிறோம்.

கணினி பெயரை எப்படிப் பார்க்கிறது?

எழுத்துகளை வரிசையாகக் கோத்த தொடரை நிரலாக்கத்தில் ‘சரம்’ என்பார்கள். ஒரு பெயர் ஒரு சரம். இரண்டு பெயர்களும் ஒன்றா என்று கேட்டால், கணினி உச்சரிப்பையோ தோற்றத்தையோ பார்ப்பதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னாலுள்ள எண்ணை ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறது. ஓர் எண் மாறினாலும் ‘வேறு’ என்றே சொல்லும்.

‘கோமதி’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது மூன்று எழுத்து. ‘லென்’ என்ற கட்டளையால் நீளம் கேட்டால் பைதன் 5 என்று சொல்லும். ககரம், ஓகாரக் குறி, மகரம், தகரம், இகரக் குறி என்று தனித்தனியாக எண்ணுகிறது. சில கோப்புகளில் அதே பெயருக்கு 6 என்று வரும். அங்கே ஓகாரக் குறி ஒரே குறியாக இல்லாமல், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகப் பதிவாகியிருக்கும். திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பைதனில் ‘நார்மலைஸ்’ என்ற கட்டளை இந்த இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

‘கௌரி’ என்ற பெயரில் சிக்கல் இன்னும் அதிகம். ஔகாரக் குறியின் இரண்டாம் பாதி ளகரம் போலவே இருப்பதால், பலர் கொம்பு போட்டு ளகரத்தை அடித்துவிடுகிறார்கள். அது ‘கெளரி’. கண்ணுக்கு ஒன்று போலத் தெரிந்தாலும் கணினிக்கு வேறு பெயர். ‘நார்மலைஸ்’ இதைத் திருத்தாது. ‘ரிப்ளேஸ்’ என்ற மாற்றீட்டுக் கட்டளையால் நாமேதான் திருத்த வேண்டும்.

பாமினியில் கிடக்கும் பழைய கோப்புகள்

நமது அலுவலகங்களிலும் அமைப்புகளிலும் பல ஆண்டுகள் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சு நடந்தது. அந்தக் கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. பாமினி இல்லாத கணினியில் ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். யுனிகோட் பட்டியலில் உள்ள பெயரை இந்தக் கோப்பில் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

இதை மாற்றும் நிரல் என்பது ஒரு நீண்ட ‘ரிப்ளேஸ்’ வரிசைதான். ஆனால் வரிசை முக்கியம். பாமினியில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்று மூன்று அடிகள். ‘கெ’ முதல் இரண்டு மட்டும். ‘கெ’யை முதலில் மாற்றினால் ‘கொ’ வரவேண்டிய இடமெல்லாம் உடைந்துவிடும். எனவே நீளமான சேர்க்கையை முதலிலும் குறுகியதைப் பிறகும் மாற்ற வேண்டும்.

அடையாள அட்டை இலக்கம்

பெயரை விட நம்பகமான அடையாளம் தேசிய அடையாள அட்டை இலக்கம். அதிலும் இரண்டு வடிவங்கள் உள்ளன: பழையது 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும், 2016இலிருந்து வழங்கப்படுவது 12 இலக்கங்கள். போருக்கு முன்னைய ஆவணத்தில் ஒன்றும், உறவினர் அண்மையில் நிரப்பிய படிவத்தில் மற்றதும் இருக்கலாம். பழையதைப் புதியதாக்க ஒரே வரி போதும்:

புதியது = "19" + பழையது[0:5] + "0" + பழையது[5:9]

அதாவது, முன்னால் 19 போட்டு, முதல் ஐந்து இலக்கங்களை எடுத்து, ஒரு பூச்சியம் சேர்த்து, மீதி நான்கைப் போடுகிறோம். கடைசி ஆங்கில எழுத்து விடுபட்டுவிடும். பைதன் எண்ணிக்கையைப் பூச்சியத்தில் தொடங்குவதால் 0:5 என்பது முதல் ஐந்தையே குறிக்கும். 770001234 என்று தொடங்கும் கற்பனை இலக்கம் இப்படி 197700001234 ஆகும்.

பழைய இலக்கத்தின் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது; பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். ஆண் என்று பதிவான ஒருவருக்கு இந்த மூன்று இலக்கமும் 500ஐத் தாண்டினால், எங்கோ பிழை இருக்கிறது என்று நிரலே காட்டிக்கொடுக்கும்.

நிரல் காட்டட்டும், மனிதர் முடிவெடுக்கட்டும்

அட்டை எடுக்கும் வயதை எட்டாத பிள்ளைகளுக்கு இலக்கமே இல்லை. அவர்களுக்குப் பெயர்தான் துணை. ‘க. சிவகுமார்’, ‘கந்தசாமி சிவகுமார்’, ‘சிவக்குமார் கந்தசாமி’ ஆகிய மூன்றும் ஒருவராக இருக்கலாம். ‘ஸ்ட்ரிப்’ கட்டளையால் முன்பின் இடைவெளிகளை நீக்கி, ‘ஸ்பிளிட்’ கட்டளையால் சொற்களைப் பிரித்து, புள்ளிகளையும் இரட்டித்த மெய்களையும் தற்காலிகமாக விட்டுப் பார்த்தால், ஒத்துவரக்கூடியவை அருகருகே வரும். ஆனால் ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்ததும் உண்டு. எனவே நிரல் எதையும் தானாக நீக்கக்கூடாது. சந்தேகமானவற்றைப் பட்டியலிட்டுத் தந்தால் போதும். தாயின் பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம் ஆகியவற்றை வைத்து, முடிந்தால் குடும்பத்தையே கேட்டு, முடிவெடுப்பது நமது வேலை.

இந்த வேலையைத் தொடங்குபவர்கள் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். மூலக் கோப்பைத் தொடாமல் பிரதியில் வேலை செய்யுங்கள். குடும்பம் எழுதிக் கொடுத்த பெயரை அப்படியே ஒரு நிரலில் வைத்து, திருத்திய வடிவத்தைப் பக்கத்து நிரலில் போடுங்கள். எழுத்துரு மாற்றித் தருவதாகச் சொல்லும் அறியாத இணையத்தளங்களில் இந்தப் பட்டியல்களை ஒட்டாதீர்கள். மேலே சொன்ன அனைத்தும் இணைய இணைப்பில்லாத ஒரு பழைய மடிக்கணினியிலேயே நடக்கும். சாட்சி சொன்னவர்களின் பெயரும் முகவரியும் அந்தக் கோப்புகளில் இருக்கின்றன.