கட்சி மேடையும் நீதி பீடமும்

அரசியல்வாதி நீதிபதியாகலாமா? ஜனநாயக நாடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. ஆகக்கூடாதென்போர் கூறும் காரணம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. கட்சியின் உப்பைத் தின்றவன் துலாக்கோலை நேராகப் பிடிப்பானா என்று அவர்கள் கேட்கிறார்கள். வாதத்தினால் தீராத இக்கேள்விக்கு ஒரு மனிதரின் வாழ்க்கை ஓரளவு விடை பகரும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஸுப்ரீம் கோர்ட்டில் 34 ஆண்டுகள் நீதிபதியாக வீற்றிருந்த ஹ்யூகோ பிளாக் என்பாரே அவர்.

தென்பகுதியிலுள்ள அலபாமா மாகாணத்தில், 1886-ஆம் ஆண்டில், ஒரு கடைக்காரரின் மகனாகப் பிறந்தார் பிளாக். பர்மிங்ஹாம் நகரில் வக்கீல் தொழில் நடத்தித் தொழிலாளர் வழக்குகளில் பெயரெடுத்தார். 1926-இல் ஸெனேட் சபைக்குத் தேர்தல் பெற்றார். பின்னர், ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் சீர்திருத்தச் சட்டங்களை ஸுப்ரீம் கோர்ட் ஒவ்வொன்றாக வெட்டி வீழ்த்தி வந்தது. அதனால் சினமுற்ற ரூஸ்வெல்ட், நீதிபதிகளின் தொகையைப் பெருக்கித் தம் கட்சிக்கு இசைந்தவர்களை நியமிக்க 1937-இல் ஒரு திட்டம் கொணர்ந்தார். பிளாக் அதனை முழுமூச்சாக ஆதரித்தார். திட்டம் தோற்றது. ஆயினும் அவ்வாண்டு ஆகஸ்டில், காலியாயிருந்த நீதிபதி ஸ்தானம் பிளாக்குக்கே கிட்டியது. பெயர் அறிவிக்கப்பட்ட ஐந்தே நாட்களில் ஸெனேட் 63-க்கு 16 வோட்டுகளால் அதனை அங்கீகரித்தது. இது கைம்மாறு என்று எதிரிகள் தூற்றியதில் வியப்பென்ன?

ஒரு மாதத்தில் இடி விழுந்தது. கறுப்பர்களையும் யூதர்களையும் கத்தோலிக்கர்களையும் அச்சுறுத்தி வந்த கு கிளக்ஸ் கிளான் என்னும் முகமூடிக் கூட்டத்தில் பிளாக் அங்கத்தினராக இருந்தவர் என்பதை, ரே ஸ்பிரிகில் என்ற பத்திரிகை நிருபர் ஆதாரங்களோடு அம்பலப்படுத்தினார். 1923-இல் சேர்ந்தவர் 1925-இல் விலகியிருந்தார். ஆனால் ஸெனேட் தேர்தலில் அக்கூட்டத்தின் ஆதரவு அவருக்கு இருந்தது. அக்டோபர் முதல் தேதியன்று அவர் ரேடியோவில் பேசினார். சேர்ந்ததும் விலகியதும் மெய்யென ஒப்பினார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

வாயால் கேளாத மன்னிப்பைத் தீர்ப்புகளால் கேட்டார் போலும்! பிளாரிடாவில், நாட்கணக்கில் விசாரணை என்ற பெயரால் வதைக்கப்பட்டுக் குற்றத்தை ஒப்பிய கறுப்பு இளைஞர் நால்வரின் மரண தண்டனையை 1940-இல் ரத்து செய்து தீர்ப்பெழுதியவர் அவரே. கறுப்புக் குழந்தைகளுக்குத் தனிப்பள்ளி வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதமென 1954-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்த ஒன்பது நீதிபதிகளுள் அவரும் ஒருவர். அவரை ஸெனேட்டுக்கு அனுப்பிய வெள்ளையரே அவரைத் துரோகி என்று வைதனர். பர்மிங்ஹாமில் வக்கீலாயிருந்த அவர் மகன் ஊரைவிட்டே குடிபெயர நேர்ந்தது.

இத்துடன் நிறுத்தினால் இது புகழ்மாலையாகிவிடும். உண்மை அவ்வளவு இனிப்பானதன்று. ஜப்பானிய யுத்தத்தின்போது, 1942-இல் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஓர் உத்தரவைக் கொண்டு, ஜப்பானிய வம்சத்தவர் சுமார் 1,20,000 பேரை வீடு வாசலினின்றும் பெயர்த்து முகாம்களில் அடைத்தார்கள். அவருள் பெரும்பாலோர் அமெரிக்கப் பிரஜைகள். வெளியேற மறுத்த கொரேமட்சுவின் வழக்கில், 1944-இல், சர்க்காரின் செய்கை செல்லுமெனப் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் இதே பிளாக்! அது தவறென்று அவர் பின்னரும் ஒப்பவில்லை. ஆனால் 1988-இல் அமெரிக்க சர்க்கார் மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் நஷ்டஈடு வழங்கச் சட்டம் செய்தது. 2018-இல் ஸுப்ரீம் கோர்ட்டின் பிரதம நீதிபதியே அத்தீர்ப்பு பிறந்த நாளிலேயே பிழையானது என்றார்.

தம் வோட்டர்களை எதிர்த்து நிற்க முடிந்தவருக்குத் தம்மை நியமித்த ஜனாதிபதியை எதிர்க்க முடியவில்லை. அரசியல்வாதி என்பதால் நேர்ந்த குறையா இது? அன்று. மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய மூவருள் பிராங்க் மர்பி ஒருவர். அவரும் அரசியல்வாதியே, மிஷிகன் மாகாணத்தின் கவர்னராக இருந்தவர், ரூஸ்வெல்ட்டால் நியமிக்கப்பட்டவர். அவ்வுத்தரவு இனவெறியின் பாற்பட்டது என்று அஞ்சாமல் எழுதினார் அவர். பிளாக்கும் பிற்காலத்தில் துணிவு பெற்றார். 1952-இல், தம்முடன் ஸெனேட்டில் இருந்த ஜனாதிபதி ட்ரூமன் எஃகு ஆலைகளைக் கைப்பற்றியது செல்லாதெனத் தீர்ப்பெழுதினார். வக்கீல் வைக்க வகையற்ற கிடியன் என்னும் கைதி சிறையிலிருந்து பென்சிலால் எழுதி அனுப்பிய மனுவின்மீது, ஏழைக்குச் சர்க்காரே வக்கீல் அமர்த்த வேண்டுமென்று 1963-இல் விதித்ததும் அவரே. 1971-இல் ஓய்வு பெற்ற சில நாட்களில் காலமானார்.

ஆகவே, அரசியல்வாதிக்கு நீதி பீடத்தின் கதவை அடைத்துவிடுக என்று நாம் கூறோம். அடைத்திருந்தால் பிளாக்கின் பிழை நேர்ந்திராது. மர்பியின் மறுப்பும் கிடைத்திராது. நாம் கோருவது வேறு. கிளானைப்பற்றிய பேச்சு ஸெனேட்டிலேயே எழுந்தும், அதைத் துருவி விசாரியாமல் ஐந்து நாளில் வேலையை முடித்தார்கள். ஒரு பத்திரிகை நிருபருக்குத் தெரிந்தது அத்தனை பெரிய சபைக்குத் தெரியாமற் போனது எவ்வாறு? பீடத்தில் ஏறுமுன் ஒருவரின் வரலாறு பொதுஜனங்கள் முன்பு பகிரங்கமாக விசாரிக்கப்பட வேண்டும். ஏறியபின், ஏற்றியவருக்கு எதிராக அவர் தீர்ப்பளித்த நாட்களைக் கொண்டே அவரை எடைபோட வேண்டும். நம்மவர் ஒருவர் அப்பீடம் ஏறும்போது மாலை சூட்ட விரையும் அரசியல் தொண்டர்கள், நாளை அவர் நமக்கு எதிராகத் தீர்ப்பளித்தால் பொறுப்போமா என்று முதலில் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வார்களாக.