பாலைவனத்தில் கிடக்கும் அம்புகள்

குட்டி விமானத்தில் நெடும்பயணம் – 8

ராக்கி மலைத்தொடரைச் சிறிய விமானங்கள் எப்படித் தாண்டுகின்றன என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மலைக்குப் போகிற வழியில் ஓர் அம்பு கிடக்கிறது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

1911இல் கேல் ராஜர்ஸ் ‘வின் ஃபிஸ்’ விமானத்தில் ப்ரூக்ளினில் கிளம்பி, விழுந்து எழுந்து, 49ஆம் நாள் பாசடேனா போய்ச் சேர்ந்ததைப் போன வாரமே பார்த்துவிட்டோம். கீழே தண்டவாளத்தில் அவருக்கென்றே ஒரு ரயில் உதிரி பாகங்களோடு கூடவே வந்ததே, அதை மட்டும் மறக்காமல் வைத்திருங்கள்.

அம்புக்கு வருகிறேன். யூட்டா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் செயின்ட் ஜார்ஜ் என்றொரு ஊர். அதன் ஓரத்து மேட்டு நிலத்தைக் கணினியில் செயற்கைக்கோள் படமாக வைத்துப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். முதலில் செம்மண்ணில் சாம்பல் நிறத்தில் ஒரு கீறல். இன்னும் பெரிதாக்கினால் கீறலுக்குத் தலை முளைக்கிறது, வால் முளைக்கிறது, நடுவில் ஒரு சதுரம். கான்கிரீட்டில் வார்த்த அம்பு. பக்கத்தில் சாலை இல்லை, பலகை இல்லை. மேலே இருந்து பார்ப்பவருக்கு மட்டும் புரிகிற ஒன்றைத் தரையில் வார்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட அம்புகள் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இன்னும் எத்தனையோ கிடக்கின்றன. 50 அடி முதல் 70 அடி வரை நீளம். 1920களின் பிற்பகுதியில் தபால் விமானங்களுக்காகப் போட்டவை. அன்று பளீரென்று மஞ்சள் வண்ணம் பூசியிருந்தார்கள். நடுவில் இருக்கும் சதுரத்தில் இரும்புக் கோபுரம் நின்றது, அதன் உச்சியில் சுழலும் விளக்கு. வால் பக்கம் ஒரு சிறிய கொட்டகை, அதற்குள் மின்சாரம் தரும் ஜெனரேட்டர். கொட்டகைக் கூரையில் அந்த வழித்தடத்தின் பெயரும் விளக்கின் எண்ணும் பெரிய எழுத்தில். அம்பின் தலை அடுத்த விளக்கு இருக்கும் திசையைக் காட்டும், வால் முந்தைய விளக்கின் திசையை. பாதை திரும்பும் இடத்தில் அம்பே வளைந்து கிடக்கும். விமானி கழுத்தை நீட்டிப் பார்த்தால் போதும், வந்த வழியும் போகும் வழியும் ஒரே பார்வையில் கிடைத்துவிடும்.

இந்த ஏற்பாடு பிறந்ததற்குப் பின்னால் ஓர் இரவு இருக்கிறது. 1921 பிப்ரவரி 22. கண்டத்தைக் கடக்கும் விமானத் தபால் அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கிவிட்டது. ஆனால் பகலில்தான் விமானம், பொழுது சாய்ந்ததும் மூட்டையை ரயிலில் ஏற்றிவிடுவார்கள். இந்த லட்சணத்தில் விமானத்துக்கு எதற்குப் பணம் என்று வாஷிங்டனில் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். இரவிலும் பறந்து காட்டிவிடுவது என்று தபால் துறை முடிவு செய்தது. இரண்டு கரைகளிலிருந்தும் இரண்டிரண்டு விமானங்கள் கிளம்பின. மேற்கே வந்த தபால் சிகாகோவில் பனியில் நின்றுபோனது. கிழக்கே போன இரண்டில் ஒன்று நெவாடாவில் விழுந்து விமானி இறந்தார். மிஞ்சியது ஒன்றே ஒன்று.

அதன் தபால் மூட்டை நெப்ராஸ்காவின் நார்த் பிளாட்டில் விமானி ஜாக் நைட் கைக்கு இரவில் வந்து சேர்ந்தது. அவர் பறக்கவேண்டியது ஒமாஹா வரைதான். வழிநெடுக ஊர்க்காரர்களும் விவசாயிகளும் தபால் ஊழியர்களும் வயலில் தீ மூட்டிவைத்திருந்தார்கள். எலும்பு வரை இறங்கும் குளிரில், எப்போது வரும் என்றே தெரியாத ஒரு விமானத்துக்காக நள்ளிரவில் விறகு போட்டுக்கொண்டு நின்றவர்கள். அந்த நெருப்புகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு நைட் ஒமாஹாவில் இறங்கினார். அங்கே அவரை மாற்றவேண்டிய விமானி புயலில் சிக்கி வந்து சேரவில்லை. சிகாகோ வரை நானே போகிறேன் என்றார். அந்தத் தடத்தில் அவர் ஒருமுறைகூடப் பறந்ததில்லை. கையில் இருந்தது சாலை வரைபடம். அந்தப் பக்கத்தில் தீ மூட்டியவர்களும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

டி மாய்னில் இறங்கமுடியாத அளவு பனி. பெட்ரோல் தீர்ந்துகொண்டிருந்தது. அயோவா சிட்டி இறங்குதளத்தில், விமானம் வராது என்று நினைத்து எல்லோரும் கிளம்பிவிட, இரவுக் காவலாளி ஒருவர் மட்டும் இருந்தார். இருட்டுக்குள் என்ஜின் சத்தம் கேட்டதும் தீப்பந்தத்தைக் கொளுத்தினார். நைட் இறங்கினார், பெட்ரோல் நிரப்பிக்கொண்டார், மறுபடி ஏறினார். காலை 8.40க்குச் சிகாகோ. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்குத் தபால் போய்ச் சேர்ந்த மொத்த நேரம் 33 மணி 20 நிமிடம். ஜாக் நைட் மறுநாள் செய்தித்தாள்களில் நாயகன் ஆனார். அதற்கு அவர் முழுக்கத் தகுதியானவர்தான். ஆனால் அந்தக் காவலாளி பந்தத்தைக் கொளுத்தாமல் இருந்திருந்தால் நாயகனும் இல்லை, தபாலும் இல்லை. தன்னந்தனியாகக் கண்டத்தைக் கடந்தார் என்று எழுதப்படும் ஒவ்வொரு கதையிலும் இப்படி ஒருவர் தரையில் நின்றுகொண்டிருக்கிறார். இந்தத் தொடரை எழுத எழுத எனக்கு அவர்கள்மேல்தான் ஆசை கூடுகிறது.

அந்த இரவுக்குப் பிறகு, வழிநெடுக விளக்குகள் அமைக்க அமெரிக்க நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியது. எங்கே முதலில் விளக்குப் போடுவது? நியூயார்க்கில் தொடங்கி வரிசையாக மேற்கே போகலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர்கள் நட்ட நடுவில் தொடங்கினார்கள். சிகாகோவுக்கும் வயோமிங்கின் செயனுக்கும் இடைப்பட்ட சமவெளி. காரணம் எளிது. எந்தக் கரையிலிருந்து காலையில் கிளம்பினாலும் இருட்டும்போது விமானம் நாட்டின் நடுவில்தான் இருக்கும். இருட்டுகிற இடத்தில் விளக்கு இருந்தால் போதும், விடியும்போது மறுபக்கம் போய்விடலாம். சமவெளி என்பதால் கோபுரம் நடுவதும் சுலபம். 1924 ஜூலை 1 முதல் இரவுத் தபால் முறையாகப் பறக்கத் தொடங்கியது.

அதற்குப் பிறகு விளக்குகள் இரண்டு பக்கமும் நீண்டன. ஏறத்தாழ 10 மைலுக்கு ஒன்று. விளக்கு நிமிடத்துக்கு ஆறு முறை சுழலும். ஆக, விமானிக்குப் பத்து நொடிக்கு ஒரு மின்னல். 1933 வாக்கில் 18,000 மைல் வான்வழிக்கு 1,500 விளக்குகள். இதெல்லாம்கூடப் புத்தகங்களில் சாதாரணமாகக் கிடைக்கும் தகவல். இந்த வாரம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று.

இருட்டில் ஒரு விளக்கைப் பார்த்துவிட்டீர்கள். அது எந்த விளக்கு? எல்லாம் ஒரே மாதிரிதானே சுழல்கின்றன? இதற்கு ஒரு வழி செய்திருந்தார்கள். சுழலும் விளக்குக்குக் கீழே, பாதையின் இரு திசைகளையும் பார்த்தபடி இரண்டு சிறிய விளக்குகள். அவை மோர்ஸ் குறியீட்டில் ஓர் எழுத்தைச் சிமிட்டும். 100 மைலுக்குப் பத்து விளக்குகள், பத்து எழுத்துகள்: டபிள்யூ, யூ, வி, ஹெச், ஆர், கே, டி, பி, ஜி, எம். அடுத்த 100 மைலில் மறுபடி டபிள்யூவில் தொடங்கும். நெடில்–குறில்–நெடில் என்று சிமிட்டினால் அது ‘கே’. ஆறாவது விளக்கு. இந்த நூறில் 60 மைல் தாண்டியாயிற்று. சின்ன விளக்கு பச்சையாக இருந்தால் பக்கத்தில் இறங்குதளம் உண்டு, சிவப்பாக இருந்தால் இல்லை. என்ஜின் மூச்சுத் திணறும்போது விமானிக்கு இதைவிட வேண்டிய செய்தி எது?

எழுத்து வரிசையை நினைவில் வைக்க விமானிகளிடம் ஒரு வாக்கியம் இருந்தது: ‘வென் அண்டர்டேக்கிங் வெரி ஹார்ட் ரூட்ஸ், கீப் டைரக்ஷன் பை குட் மெத்தட்ஸ்.’ கடினமான வழியில் இறங்கினால் நல்ல முறையில் திசையைப் பிடித்துக்கொள். திறந்த காக்பிட்டில், முகத்தில் காற்று அறைய, இந்த வாக்கியத்தை முணுமுணுத்தபடி விரல்விட்டு எண்ணிக்கொண்டு போகும் ஒரு விமானியை நினைத்துப் பாருங்கள். பத்துச் சொற்களில் 100 மைலை அடக்கிவிட்டார்கள். எனக்கு இது பெரிய கண்டுபிடிப்பாகவே படுகிறது.

மூடுபனியில் மட்டும் விளக்கு உதவாது. சார்லஸ் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைக் கடப்பதற்கு முந்தைய ஆண்டு செயின்ட் லூயிஸ்–சிகாகோ தபால் விமானியாக இருந்தார். 1926 செப்டம்பரில் ஓர் இரவு பனிமூட்டம் தரையை மறைத்துவிட, பெட்ரோல் தீர்ந்து என்ஜின் நின்றதும் பாராசூட்டோடு குதித்தார். ஆளில்லாத விமானம் மூக்கைக் கவிழ்த்தபோது தொட்டியின் அடியில் மிச்சமிருந்த பெட்ரோல் என்ஜினுக்குள் பாய்ந்தது. என்ஜின் தானாகவே உயிர்பெற்று, விமானம் அவரைச் சுற்றிச் சுற்றி வரத் தொடங்கியது. பாராசூட்டில் தொங்கியபடி தன் விமானமே தன்மேல் மோதுமோ என்று பார்த்துக்கொண்டு இறங்கினார். சோளக்காட்டில் விழுந்தவர் முதலில் தேடியது தபால் மூட்டையை. அது அன்றிரவே ரயிலில் சிகாகோவுக்குப் போனது. மறுபடியும் ரயில்தான்!

பனிக்கும் அசையாத ரேடியோ அலைகள் வந்ததும் விளக்குகளின் காலம் முடியத் தொடங்கியது. கோபுரங்களைப் பெயர்த்து இரும்பை எடுத்துக்கொண்டார்கள். கான்கிரீட்டைப் பெயர்க்க யாருக்கும் காரணம் இல்லை, அம்புகள் தங்கிவிட்டன. மோன்டானா மாநிலம் மட்டும் மலைப்பகுதியில் சில விளக்குகளை இந்த நூற்றாண்டிலும் எரியவிட்டது. நியூ மெக்சிகோவின் கிராண்ட்ஸ் ஊரில் ஒரு கோபுரத்தையும் கொட்டகையையும் பழையபடி நிறுத்தி அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள்.

தபால் விமானிக்கு விளக்கு இருந்தது. சொந்தச் செலவில் குட்டி விமானம் வாங்கிக்கொண்டு வழித்தடத்துக்கு வெளியே பறந்தவர்களுக்கு? அவர்களுக்காகக் கூரைகளில் ஊர்ப் பெயரை எழுதும் திட்டத்தை 1930களில் பெண் விமானிகள் நடத்தினார்கள். யோசனை ஃபீபி ஓம்லியுடையது. பெருமந்தக் காலத்தில் வேலை இழந்தவர்களுக்குக் கூலி கொடுத்து, கிடங்கு, களஞ்சியம், தண்ணீர்த் தொட்டி என்று எது அகலமாகக் கிடைத்தாலும் அதன்மேல் ஊர்ப் பெயர், வடக்கு எது, பக்கத்து இறங்குதளம் எந்தத் திசையில் எத்தனை மைல் என்று பெயிண்ட் அடித்தார்கள். இந்த வேலையில் நெடுங்காலம் இருந்தவர் பிளான்ச் நாய்ஸ். வெட்டவெளியில் அவசரமாக இறங்குவது என்றால் என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும். 1929இல் கலிபோர்னியாவிலிருந்து கிளீவ்லாந்துக்கு நடந்த பெண்கள் போட்டியில் டெக்சாஸ் வெட்டவெளிமேல் பறக்கும்போது விமானத்துக்குள் தீப்பிடித்தது. இறங்கி, மண்ணை அள்ளிக் கொட்டி அணைத்துவிட்டு, மறுபடி ஏறிப் போட்டியை முடித்தார். 1936இல் லூயிஸ் தேடனுடன் சேர்ந்து நியூயார்க்–லாஸ் ஏஞ்சலஸ் பென்டிக்ஸ் கோப்பைப் போட்டியில் பறந்தார். பெண்கள் எங்கே ஜெயிக்கப்போகிறார்கள் என்று நினைத்து, முதலில் வரும் பெண்ணுக்கு என்று தனியாக ஓர் ஆறுதல் பரிசு வைத்திருந்தார்கள். நாய்ஸும் தேடனும் ஆண்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு 14 மணி 55 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்கள்.

பிறகு போர் வந்தது. எதிரி விமானிக்கும் கூரையில் எழுதியிருப்பது படிக்கத் தெரியும் அல்லவா? கரையோர மாநிலங்களில் எழுதிய பெயர்களை எல்லாம் அழிக்கச் சொல்லி நாய்ஸுக்கே உத்தரவு. அழித்தார். போர் முடிந்ததும் மறுபடி எழுதக் கிளம்பினார்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு கிளை உண்டு. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா புஸ் மாத் விமானத்தில் கராச்சியில் தபாலோடு கிளம்பி, அகமதாபாத்தில் இறங்கி பம்பாய்க்குப் போனார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். வழியில் விளக்கும் இல்லை, அம்பும் இல்லை. அகமதாபாத்தில் டாட்டாவின் விமானத்துக்குப் பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன. இந்திய விமானப் போக்குவரத்தின் வரலாற்றில் அந்த வண்டிக்காரருக்கும் ஓர் இடம் இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்று செஸ்னா 172இல் அமெரிக்காவைக் கடப்பவர் மடியில் கையகலத் திரை, அதில் தன் விமானம் நகர்வதையே பார்த்துக்கொண்டு போகிறார். இருந்தாலும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எங்காவது இறங்கித்தான் ஆகவேண்டும். அப்படி இறங்குகிற சின்ன ஊர்த் தளங்கள் பலவற்றில் அழகான வழக்கம் ஒன்று இருக்கிறது. விமானிகளுக்கென்று ஒரு பழைய கார் நிற்கும். சாவி ஆணியில் தொங்கும். எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டு, பெட்ரோல் போட்டுத் திரும்ப நிறுத்தவேண்டும், அவ்வளவுதான். முன்பின் தெரியாதவருக்கு, வானத்திலிருந்து இறங்கி வந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக.

மலைகள் அடுத்த வாரம். 1966இல் ரேடியோகூட இல்லாத பைப்பர் கப் விமானத்தில், நியூ ஜெர்சியிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போகும் வழியில் டெக்சாஸின் குவாடலூப் கணவாயைக் கடந்த இரு சகோதரர்களில் அண்ணனுக்கு வயது 17, தம்பிக்கு 15. கணவாயை நெருங்கும்போது காற்று என்ன செய்யும், 85 குதிரைத்திறன் என்ஜின் அதற்கு எப்படி ஈடுகொடுக்கும் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

(தொடரும்)