வேலை வழக்கில் எதிர்த்தரப்பு செலவும் உங்கள் தலையிலா? அப்பீலுக்கு 42 நாள்!

வேலையும் போய், வழக்கும் தோற்று, 'எதிர்த்தரப்பு வக்கீல் ஃபீஸையும் நீங்களே கட்டுங்கள்' என்று உத்தரவும் வந்தால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் முதலாளியை எதிர்த்து வழக்குப் போடும் பலருக்கும் தோல்வியைவிடப் பெரிய பயம் இதுதான். இந்தப் பயத்தைக் காட்டி, 'வாபஸ் வாங்கிவிடுங்கள்' என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும் நிறுவன வக்கீல்களும் உண்டு. அந்தக் கடிதத்தைப் பார்த்து மிரண்டு, நியாயமான வழக்கைக்கூடக் கைவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

உண்மை நிலவரம் என்ன?

அங்கே சிவில் கோர்ட்டில் பொதுவாகத் தோற்றவர், ஜெயித்தவரின் செலவையும் கொடுக்க வேண்டும். வேலைப் பிரச்னைகளை விசாரிக்கும் பணியாளர் தீர்ப்பாயத்தில் அப்படியில்லை. அவரவர் செலவு அவரவருக்கு. வீண் தொந்தரவுக்காக வழக்குப் போட்டது, நியாயமில்லாமல் வழக்கை நடத்தியது, ஜெயிக்க வாய்ப்பே இல்லாத வழக்கைக் கொண்டுவந்தது போன்ற காரணம் இருந்தால்தான் செலவு உத்தரவு போட முடியும். தொகை 20,000 பவுண்டு வரை போகலாம். செலவுக் கணக்கை விரிவான ஆய்வுக்கு அனுப்பினால், அதற்கு மேலும் போகலாம்.

பாதியான பாரம்

பார்ன்ஸ்லி நகராட்சி மீது ஒரு பெண் ஊழியர் வழக்குப் போட்டு, நடுவிலேயே வாபஸ் வாங்கினார். நகராட்சியின் முழுச் செலவையும் அவரே கட்ட வேண்டும் என்றது தீர்ப்பாயம். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை அடியோடு ரத்து செய்தது. நகராட்சி விடவில்லை, அப்பீல் கோர்ட்டுக்குப் போனது. 2011-ல் அந்த கோர்ட், பாதிச் செலவைக் கட்டினால் போதும் என்று முடித்துவைத்தது.

அந்தத் தீர்ப்பில் நீதிபதி மம்மரி சொன்னது இன்றும் வழிகாட்டி. வழக்கை முழுதாகப் பார்க்க வேண்டும். எந்த நடத்தை தவறு, அது ஏன் தவறு, அதனால் என்ன விளைவு என்று பார்க்க வேண்டும். எதிர்த்தரப்பும் தன் பங்குக்குச் செலவை ஏற்றியிருந்தால், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

'பணம் இல்லை' போதாது

செலவு உத்தரவு போடும்போது ஒருவரால் கட்ட முடியுமா என்பதைத் தீர்ப்பாயம் கருத்தில் கொள்ளலாம். ஆனால், கொண்டே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை. லண்டனின் லூயிஷம் நகராட்சி வழக்கில், கையில் பணமில்லாத ஒருவர் நகராட்சியின் செலவில் மூன்றில் ஒரு பங்கைக் கட்ட வேண்டும் என்ற உத்தரவை 2013-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் உறுதிசெய்தது. பிற்பாடு வேலைக்குத் திரும்பிச் சம்பாதிக்க வாய்ப்பு இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள்.

ஆகவே வருமானம், கடன், வாடகை, குடும்பச் செலவு ஆகியவற்றுக்கான ஆதாரங்களைச் செலவு விசாரணையிலேயே கொடுத்துவிடுவது நல்லது. அங்கே சொல்லாததை அப்பீலில் புதிதாகக் கொண்டுவருவது மிகக் கடினம்.

அப்பீலுக்குப் போகிறவர்கள் கவனிக்க

* 'தொகை அதிகம்' என்ற வருத்தம் மட்டும் அப்பீலுக்குப் போதாது. சட்டத் தவறு இருக்க வேண்டும். போதிய காரணம் சொல்லாதது, தோற்றதையே காரணமாக்கியது, முக்கியமான விஷயத்தைக் கண்டுகொள்ளாதது போன்றவை அப்படிப்பட்ட தவறுகள்.

* தீர்ப்பை வாயால் மட்டும் சொல்லியிருந்தால், காரணங்களை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். எழுத்துத் தீர்ப்பு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள் கேட்க வேண்டும்.

* அதே தீர்ப்பாயத்திடம் மறுபரிசீலனை கேட்கவும் 14 நாள்தான். ஆனால், அதற்காக அப்பீல் கெடு நீளாது.

* அப்பீல் கெடு 42 நாள். கடைசி நாள் மாலை 4 மணிக்குள் எல்லாக் காகிதங்களும் போய்ச் சேர வேண்டும்.

* 2013-ல் வந்த அப்பீல் கட்டணத்தை 2017-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இப்போது கட்டணம் இல்லை.

தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் உடனே அங்கே பேசலாம். மற்றவர்களுக்கு 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' அமைப்பின் இலவச ஆலோசனை உண்டு. எங்கே போனாலும் தீர்ப்பு வந்த உறையையும் இமெயிலையும் பத்திரமாக எடுத்துப் போங்கள். கெடுவை எண்ணத் தொடங்குவது அதிலிருக்கும் தேதியிலிருந்துதான்!