இரண்டு உப்புநீருக்கு நடுவே ஒரு தோட்டம்

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீளும் மணல்திட்டில் லைட்ஹவுஸ் குப்பம், அரங்கம்குப்பம், கூனங்குப்பம், கோரைக்குப்பம் என்று மீனவக் கிராமங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் இந்தப் பகுதியைப் பாலைநிலம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பிப்ரவரியிலிருந்து மே வரை வானம் ஏறக்குறைய வறண்டே கிடக்கும். அந்த மாதங்களில் வீட்டுக் கொல்லையின் நிலைமை பாலைவனத் தோட்டத்தின் நிலைமைதான்: நீரைப் பிடித்துவைக்காத மணல், சுடும் காற்று, வேரைச் சுற்றி ஏறும் உப்பு.

கிழக்கே கடல் மாறாத உப்பு. மேற்கே ஏரியின் உப்போ பருவத்துக்குப் பருவம் மாறும். ஆரணி ஆறும் காளங்கி ஆறும் மழைக்காலத்தில் அதை நீர்க்கவைக்கின்றன. கோடையில் ஆற்றுவரத்து நின்று, முகத்துவாரம் மணலால் அடைபட்டால், ஆழம் குறைந்த ஏரி வெயிலில் வற்றிக் கடலைவிடவும் உப்பேறிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே மணலுக்குள் தங்கியிருக்கும் மழைநீர்தான் ஊரின் நிலத்தடி நன்னீர். உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் அது உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை அது இறங்கியிருக்கும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாடன் கைபனும் பிறகு ஹெர்ஸ்பெர்க்கும் கணக்கிட்டார்கள். இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால்தான் ஆபத்து தெரியும். மேல்மட்டம் ஒரு சாண் தாழ்ந்தால், காலப்போக்கில் அடியிலுள்ள உப்புநீர் பல மீட்டர் மேலே ஏறிவிடும்.

ஆகவே இங்கே ஆழமாகத் தோண்டுவது லாபமல்ல. துரவும் உறைக்கிணறும் ஆழமில்லாத அடிபம்பும் மேலே மிதக்கும் நீரை மட்டும் எடுப்பதால் பொருந்துகின்றன. குதிரைத்திறன் கூடிய மோட்டார் ஒரே மூச்சில் இழுத்தால் குழாய்க்கு நேர்கீழே உப்புநீர் கூம்புபோல் எழும்பும். காலையில் சிறிது, மாலையில் சிறிது என்று இறைத்தால் அதே அளவு நீர் நல்லதாகவே கிடைக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியில் உப்பேறிய கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தம் செய்தார்கள். உப்பு எதிர்பார்த்தபடி குறையவில்லை. அதைக் கழுவிவிட்டது அடுத்து வந்த மழைதான். பழவேற்காட்டுக்குத் தெற்கே மீஞ்சூரில் நடந்தது இன்னும் பெரிய பாடம். சென்னை நகருக்காகவும் விவசாயத்துக்காகவும் பல ஆண்டுகள் நிலத்தடி நீரை இறைத்ததில் கடல்நீர் உள்நாட்டை நோக்கிப் பல கிலோமீட்டர் நகர்ந்தது. சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீருக்கு 1987இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

செடிகளில் எது தாங்கும், எது தாங்காது என்பதைப் பார்த்து நடுவது பாதி வேலையை மிச்சப்படுத்தும். வேர்மண்ணின் உப்பு மீட்டருக்கு 1 டெசிசீமென்ஸைத் தாண்டினாலே பீன்ஸின் விளைச்சல் குறையத் தொடங்கிவிடும்; பாலைவனத்துப் பேரீச்சை 4 வரை அசையாது. இந்த மணலில் தென்னை, பனை, பூவரசு, வேம்பு ஆகியவை நிலைக்கும். வாழை உப்பு கண்டால் இலையோரம் கருகும். அதைக் கிணற்றடியில் பாத்திரம் கழுவும் நீர் ஓடும் இடத்தில் வைப்பது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. வேலியோரம் படரும் அடப்பங்கொடியைக் களையென்று பிடுங்கக்கூடாது. காற்றில் மணல் பறக்காமல் பிடித்துவைப்பது அதுதான்.

கோடையில் பொழுது சாய்ந்த பிறகோ விடியற்காலையிலோ தண்ணீர் விடுவதே சரி. உப்புச்சுவையுள்ள நீரை இலைமேல் தெளித்தால் நீர் ஆவியாகி உப்பு மட்டும் இலையில் தங்கிவிடும். வேரடியில்தான் ஊற்ற வேண்டும். தினமும் மேலாகத் தெளிப்பதைவிடச் சில நாளுக்கு ஒருமுறை நிறைய விடுவது மேல், ஏனெனில் அது உப்பை வேருக்குக் கீழே தள்ளும். தென்னை மட்டையும் உரிமட்டையும் மூடாக்காகப் போட்டால் மண் ஈரம் காக்கும். செடிக்குப் பக்கத்தில் சுடுமண் பானையைப் புதைத்து நிரப்பினால் நீர் மெல்லக் கசிந்து வேருக்குப் போகும். சொட்டுநீர்க் குழாய் போட்டவர்கள் துளைகளில் படியும் வெள்ளைப் படிவை அடிக்கடி கவனிக்க வேண்டும். குழாயின் கடைமூடியைத் திறந்து வேகமாக நீர் ஓடவிட்டால் மணலும் பாசியும் வெளியேறும். உப்புக்காற்றில் இரும்புக் குழாய் சீக்கிரம் துருப்பிடிக்கும். அடிபம்பு காற்றை இழுத்தால் முதலில் பார்க்க வேண்டியது வாசர்.

மோட்டார் வைத்த வீட்டில் ஈரமணலும் வெறுங்காலும் மின்கசிவும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. எர்த் சரியாக இருப்பதோடு, 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் வேண்டும். உறைக்கிணற்றுக்கு மூடி இல்லையென்றால் குழந்தைகளுக்கு அது பொறி. படகு எஞ்சினுக்கான டீசல், பெட்ரோல் கேன்களை வலைக்குவியலுக்கோ கீற்றுக்கொட்டகைக்கோ பக்கத்தில் வைக்கக்கூடாது. மேற்குக்காற்று வீசும் மதியத்தில் அடுப்பிலிருந்து பறக்கும் ஒரு பொறி போதும்.

பழைய வலை, மரக்கட்டை, ஈரமான பானையடி ஆகிய இடங்களில் தேளும் பாம்பும் குளிர்ச்சி தேடி வரும். கையை விடுமுன் கழியால் தட்டிப் பார்க்க வேண்டும். பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே கிடைக்கும் விஷமுறிவு மருந்து பாம்பின் விஷத்திலிருந்தே தயாராவது. அந்த விஷத்தை எடுத்துத் தருவதில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

கடற்கரையில் வெப்பநிலை 37 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினாலே வானிலைத் துறை அதை வெப்ப அலை என்கிறது. சமவெளிக்கு இந்த வரம்பு 40. கடற்காற்று தாமதமாகும் நாளில் கருவாடு காயவைக்கும் பெண்கள் நண்பகலுக்கு முன்பே மணலைவிட்டு நிழலுக்கு வருவது நல்லது. தண்ணீர் பிடித்துவைக்கும் டிரம்மை மூடிவைத்து, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவினால் டெங்கு கொசு பெருகாது.

தமிழகத்தில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். இந்த மணலுக்கு ஆழமான குழி தேவையில்லை. கூரைநீரை ஆழமில்லாத மணற்குழிக்குத் திருப்பினால் போதும். கூரையில் படிந்த உப்பும் தூசும் போக முதல் மழையின் நீரை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும். அந்த முதல் தூறலின்போது செடிக்கு நீர் விடுவதை நிறுத்தக்கூடாது. மண்ணின் மேல்பரப்பில் கோடை முழுதும் சேர்ந்த உப்பை லேசான தூறல் வேர் வரைதான் இறக்கும். அதைத் தாண்டிக் கீழே கொண்டுபோக இன்னும் இரண்டு குடம் தண்ணீர் வேண்டும்.