3 டிகிரி சூட்டைத் திருடியது யார்? டீக்கடையில் மாணவி நடத்திய விசாரணை!

சென்னையில் திருட்டுக்குப் பஞ்சமில்லை. நகை, பைக், செல்போன் என்று தினமும் எழுதிக் கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் வியாசர்பாடியில் ஒரு டீக்கடையில் திருட்டுப் போன பொருள் வினோதமானது. 3 டிகிரி சூடு!

அதன் விவரம் வருமாறு:-

டீக்கடைக்காரரின் மகள் பிளஸ்-2 படிக்கிறாள். இயற்பியல் ஒலிம்பியாடு போட்டிக்கு முதல் படியான என்.எஸ்.இ.பி. தேர்வுக்குத் தயாராகிறாள். இந்திய இயற்பியல் ஆசிரியர்கள் சங்கம் நவம்பர் மாதத்தில் நடத்தும் தேர்வு இது. 2 மணி நேரம். தப்பான விடைக்கு மார்க் பிடித்தம் உண்டு. தேறினால் அடுத்த கட்டத் தேர்வு, அப்புறம் மும்பை ஹோமி பாபா மையத்தில் முகாம். கடைசியில் நாடு முழுவதிலும் இருந்து 5 பேர்தான் சர்வதேசப் போட்டிக்குப் போவார்கள்.

போன வருஷமும் எழுதினாள். வெப்பம் பகுதியில் கோட்டை விட்டாள். பிளஸ்-2 முடிந்தால் மறுபடி எழுத முடியாது. பயிற்சி நிலையத்துக்குக் கட்டப் பணம் ஏது? அதனால் இரவு 7 மணி முதல் 8 மணி வரை கடையின் பின் பெஞ்சுதான் வகுப்பு. கூட 2 தோழிகள். வியாபாரம் சூடு பிடிக்கும் நேரம் அது. பார்சல் கட்ட ஆள் இல்லாமல் அப்பா தவிக்கிறார். ஆனால் மகளைக் கூப்பிடுவதில்லை.

"எங்கப்பா போச்சு?"

எவர்சில்வர் டம்ளரில் 100 கிராம் பச்சைத் தண்ணீர், 30 டிகிரி. அதில் 80 டிகிரி வெந்நீர் 100 கிராம் ஊற்றினார்கள். சரிபாதியாக 55 டிகிரி வர வேண்டும். தெர்மாமீட்டர் காட்டியதோ 52!

"ஆறிப்போச்சும்மா, அவ்ளோதான்" என்றார் அப்பா, டீயை ஆற்றியபடி.

"ஆறிப்போச்சுன்னா எங்கப்பா போச்சு?"

அவருக்குப் பதில் தெரியவில்லை. நமக்கும்தான். சக்தி காணாமல் போகாது, ஒரு கையை விட்டால் இன்னொரு கைக்குப் போகும் என்பது வெப்ப இயக்கவியலின் முதல் விதியாம். திருட்டு நகைக்கும் இதே விதிதான் என்று நினைத்துக் கொண்டோம்.

மாணவி நோட்டை எடுத்தாள். வெந்நீர் 28 டிகிரி இறங்கியது. இழந்தது 2,800 கலோரி. பச்சைத் தண்ணீர் 22 டிகிரி ஏறியது. வாங்கியது 2,200 கலோரி. ஆக 600 கலோரி மாயம்!

முதலில் சிக்கியது டம்ளர். பக்கத்து மளிகைக்கடைத் தராசில் நிறுத்தால் 100 கிராம். எவர்சில்வர் 1 கிராம் 1 டிகிரி சூடேற சுமார் 0.12 கலோரி வேண்டும். 22 டிகிரி ஏறியதில் 264 கலோரியை விழுங்கி விட்டது.

மீதி 336? "காத்தும் ஆவியும்தான் சார். 1 கிராம் தண்ணி ஆவியாப் போனா 540 கலோரிக்கு மேல எடுத்துக்கிட்டுப் போயிடும். அப்பா டீ ஆத்துறாரே, அதுவும் இதே வேலைதான்" என்றாள்.

மெக்கானிக் தீர்ப்பு

அடுத்த கேள்வி:- மூடிய அறையில் பிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிருமா? "குளிரும்" என்றார்கள் தோழிகள் இருவரும். டீ குடித்துக் கொண்டிருந்த பிரிட்ஜ் மெக்கானிக் ஒருவர் சிரித்தார்.

"பின்னாடி கையை வச்சுப் பாரும்மா. உள்ளே எடுத்த சூடு, தின்ன கரண்ட்டு, ரெண்டும் சேர்ந்து அங்கேதான் வெளியே வருது. ரூம் சூடுதான் ஆவும்" என்றார். அது சரிதான் என்று புத்தகமும் சொன்னது. அன்று அவருக்கு டீ இலவசம்.

மறுநாள் டம்ளரையும் சேர்த்துக் கணக்குப் போட்டாள். விடை 53.6 டிகிரி. டி.வி. பெட்டியில் வந்த தெர்மாகோலை டம்ளரைச் சுற்றிக் கட்டி, மேலே தட்டு போட்டு மூடி, மறுபடி சோதனை. தெர்மாமீட்டர் 53-க்கு மேல் ஏறவில்லை.

டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார் அப்பா.

"அந்த அரை டிகிரி எங்கம்மா?"