படியேறும் அடியார்களும் மூட்டு வலியும்

குன்றுதோறும் எழுந்தருளியிருக்கும் இறைவனைப் படியேறிச் சென்று தரிசிப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். திருத்தணியில் 365 படிகளும், பழநியில் ஏறத்தாழ 690 படிகளும், சோளிங்கர் பெரிய மலையில் 1305 படிகளும் உள்ளன. இளமையில் இவற்றை எளிதாக ஏறிய அடியார்கள், முதுமையில் அடிவாரத்திலேயே கைகூப்பித் திரும்புவதும் உண்டு. முழங்கால் வலியே இதற்குப் பெரும்பாலும் காரணமாக அமைகிறது.

முழங்காலில் எலும்புகள் சந்திக்கும் இடத்தை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. வயது, உடற்பருமன், பழைய காயம் ஆகியவற்றால் இது தேயும்போது வலியும் இறுக்கமும் தோன்றுகின்றன. படியேறும்போது உடல் எடையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பாரம் முழங்காலில் விழுகிறது. இறங்கும்போது இது மேலும் கூடுகிறது. எனவே உடல் எடையைச் சிறிது குறைத்தாலும், குறைந்த எடையைப் போல் சில மடங்கு சுமை மூட்டில் குறையும்.

வலி வந்தால் அசையாமல் இருப்பதே நல்லது என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. நடமாட்டம் குறைந்தால் தொடைத் தசைகள் மெலிந்து, மூட்டைத் தாங்கும் வலிமை குன்றி, வலி மிகும். சமதரையில் நாள்தோறும் அளவோடு நடப்பது நன்மை தரும். நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து விநாடி நிறுத்திப் பின் தாழ்த்த வேண்டும். இவ்வாறு ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும் செய்து வரலாம்.

படியேறும்போது வலியில்லாத காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும்போது வலியுள்ள காலை முதலில் வைக்க வேண்டும். ஊன்றுகோலை வலியுள்ள காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிப்பதே முறை. கைப்பிடிச் சுவரைப் பற்றி, இடையிடையே அமர்ந்து செல்லலாம். இறுக்கத்திற்கு வெந்நீர் ஒத்தடமும், வீக்கத்திற்குக் குளிர்ந்த ஒத்தடமும் இதமளிக்கும்.

மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலும், காலையில் கை விரல் மூட்டுகள் அரை மணி நேரத்திற்கு மேல் இறுகியிருந்தாலும் மருத்துவரை உடனே அணுக வேண்டும். வலி மாத்திரைகளைத் தாமே வாங்கித் தொடர்ந்து உண்பது வயிற்றுக்கும் சிறுநீரகத்திற்கும் கேடு விளைவிக்கும்.

படியேற இயலாதவர்கள் மனம் வருந்த வேண்டியதில்லை. பழநியில் சரிவான யானைப் பாதையும், இழுவை ரயிலும், ரோப் காரும் உள்ளன. சோளிங்கரில் 2024-ஆம் ஆண்டில் ரோப் கார் தொடங்கப்பட்டது. திருத்தணியில் வாகனத்திலேயே மலைமேல் செல்லலாம்.

சந்நிதியில் மண்டியிட்டு வணங்க இயலவில்லையே என்ற ஏக்கமும் வேண்டாம். அட்டாங்கம், பஞ்சாங்கம் ஆகிய நமஸ்காரங்களோடு, இரு கைகளையும் தலைமேல் குவித்து நின்று வணங்கும் திரயாங்க நமஸ்காரத்தையும் சைவ மரபு வகுத்துள்ளது. முழங்கால் மடங்காதவர்களும் முறைப்படி செய்யத்தக்க வழிபாடு இது.

உடலைப் பேணுவதும் இறைவன் அளித்த ஆலயத்தைப் பேணுவதேயாகும். அடியார்கள் அனைவரும் தம் கால்களின் ஆற்றலறிந்து நடந்து, ஆண்டுகள் பல இறைவனைத் தரிசித்து இன்புறுவார்களாக.